குழலுக்குள் இருந்த வளையம்

எங்கள் கிளப்பில் யார் புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கினாலும், அதை முதலில் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெண்டாட்டியிடமே காட்டுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது. மர அறுவை ஆலையில் ரம்பம் தீட்டுவது என் வேலை. ஒரு பல் மழுங்கியிருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவேன். துப்பாக்கிக் குழல் பார்க்க லோவல் கெமரரை, அதாவது என்னை, விட்டால் ஆளில்லை என்று பென்சில்வேனியாவின் இந்த மலைப் பக்கத்தில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சை வளர்த்துவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எங்களுடையவை பழைய மாதிரித் துப்பாக்கிகள். குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணியில் ஈயக் குண்டைப் பொதிந்து, நீளத் தடியால் அடிவரை இறக்கிச் சுட வேண்டும். குழலின் அடி மூடியிருக்கும். வாய்ப்பக்கமிருந்துதான் உள்ளே பார்க்க முடியும், கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல. முதலில் தடியை விட்டு, உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்துகொள்வேன். பிறகு சுண்டுவிரல் நுனி அளவு விளக்கு ஒன்றை நூலில் கட்டி இறக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். குழலின் உட்சுவரில் வெட்டிய வரிகள் சுருண்டு சுருண்டு கீழே போவது தெரியும். நடுவில் ஏதாவது இருந்தால் கறுப்பாகத் தெரியும். துருவா, கரியா, காய்ந்த எண்ணெயா, எல்லாமே அந்த வெளிச்சத்தில் ஒரே கறுப்புதான். எது எது என்று சொல்வது பார்க்கிறவனுடைய அனுபவம். அப்படித்தான் நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளப்புக்கென்று ஒரு துப்பாக்கி இருந்தது. சிக்கிமுக்கிக் கல் வைத்தது, அலையலையாக வரி ஓடும் மேப்பிள் கட்டை. சொந்தமாகத் துப்பாக்கி இல்லாதவர்கள் வேட்டைக்கு வாங்கிப் போகலாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் கல் துப்பாக்கி வேட்டைக்கு அந்த வருடம் அதை வாங்கிப் போனவன் ஹார்லன் பிக்ஸ்லர்.

ஹார்லன் பால் லாரி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு பதப்படுத்தும் ஆலைக்குக் கொண்டுபோவான். அதிகம் பேச மாட்டான். கிளப்பில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குகிறவன் அவன்தான்.

புத்தாண்டு அன்று எங்கள் கிளப்பில் குறிசுடும் போட்டி நடக்கும். மதியம் பன்றி வறுவலும் புளித்த முட்டைக்கோஸும். முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஹார்லன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தான்.

நான் தடியில் துணி சுற்றி ஒருமுறை இறக்கி எடுத்தேன். அப்போது என் கைக்கு என்ன தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பிறகு விளக்கை இறக்கினேன். அடியிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், குழலைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம்.

"ஹார்லன், இதை என்னத்தப் போட்டுக் கழுவினே?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

"சுடுதண்ணிதான். ரெண்டு வாளி. அப்புறம் எண்ணெ போட்டேன்."

"எந்த வருஷம்?"

சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"சுட்ட அன்னிக்கே கழுவிட்டேன்ப்பா. என் சம்சாரம் ஜோன்கிட்ட வேணா கேளு. சமையலறையில வெச்சுக் கழுவினேன்னு வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"அப்போ இந்தக் கறுப்பு தானா வந்து ஒட்டிக்கிச்சா? துருடா இது. அரிச்சுப் போயிருக்கு. நல்ல குழல், பாழாயிடுச்சு."

அவன் குனிந்து குழலுக்குள் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "ஏதோ கறுப்பாத்தான் தெரியுது," என்றான். "ஆனா நான் கழுவினேன்."

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பால் டேங்கரையும் இப்படித்தான் கழுவுறியா?" என்றேன்.

அறையே சிரித்தது. தட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஹார்லனுடைய காது சிவந்ததை நான் பார்த்தேன். தன்னிடமிருந்த கிளப் சாவியைச் சாவிக்கொத்திலிருந்து கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது. நகம் வழுக்கி வழுக்கிப் போனது. கடைசியில் கழற்றி என் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனான். சாப்பிடவில்லை. ஜோன் சுட்டுக் கொடுத்தனுப்பியிருந்த ஆப்பிள் பை இனிப்பு மூடியபடி மேசையிலேயே இருந்தது. அதை நாங்கள் தின்றோம்.

ஒரு தாளில் 'துரு. சுடக் கூடாது' என்று எழுதித் துப்பாக்கியில் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சின்ன ஊர். நான் சொன்ன கேலி அந்த வாரமே தீவனக் கடைக்குப் போய்விட்டது. அங்கிருந்து பண்ணைகளுக்குப் போனது. பால் ஏற்றுகிறவனுக்குச் சுத்தம்தான் பேர். கிளெட்டஸ் ரூப் என்கிற பண்ணைக்காரர் ஒருநாள் ஹார்லனிடம், "டேங்கர் மூடியத் தெற, உள்ள பாத்துக்கிறேன்" என்று கேட்டாராம். பதினோரு வருடத்தில் அவனிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அவன் ஏணியில் ஏறித் திறந்து காட்டினானாம். இதை எனக்குச் சொன்னவன் சிரிப்புக்காகச் சொன்னான். நானும் சிரித்தேன்.

ஹார்லன் அதற்கப்புறம் கிளப்புக்கு வரவேயில்லை.

மூன்று வருடம் போயிற்று.

ரோனா ஃபைக் என்று ஒரு பெண் எங்கள் கிளப்பில் சேர்ந்தாள். கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹார்லனை அவள் பார்த்ததுகூட இல்லை. அக்டோபர் வேட்டைக்கு முந்திய சனிக்கிழமை, வழக்கம்போல எல்லோரும் துப்பாக்கிகளோடு வந்திருந்தார்கள். ரோனா பையிலிருந்து சுருட்டி வைத்த ஒரு வயரை எடுத்தாள். நுனியில் மிளகு அளவு கேமரா, அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக விளக்குகள், பக்கவாட்டில் பார்க்க ஒரு குட்டிக் கண்ணாடி. மறுமுனையைப் போனில் செருகினாள்.

"என்னம்மா இது, மாட்டுக்கு எங்கயோ விடறதா?" என்று கேட்டார் ஓர்வில். அவர் எங்கள் கிளப் தலைவர். எழுபத்தெட்டு வயது.

"அது வேற, ஓர்வில். அதைக் கொண்டாந்தா நீங்கல்லாம் ஓடிருவீங்க. இது நெட்ல வாங்கினது. நாப்பது டாலர். தொட்டிக் குழாய்க்குள்ள என் தோடு விழுந்துருச்சு, அதைத் தேடறதுக்கு."

"கிடைச்சுதா?"

"தோடு கிடைக்கல. தலைமுடி கிடைச்சுது, நாய்க்குட்டி சைஸுக்கு."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நாப்பது டாலர் பொம்மை எல்லாம் குழல் பாக்குமா? அதுக்குக் கண்ணு வேணும்," என்றேன்.

"பாத்துருவோம் லோவல். நீங்க மொதல்ல சொல்லுங்க, அப்புறம் பொம்மை சொல்லட்டும்."

போனில் தெரிவதைக் கிளப்பின் டிவியில் தெரியும்படி செய்தாள். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். குழலின் உள்பக்கம் டிவியில் சுரங்கப்பாதை மாதிரி விரிந்தது. ஒருவருடைய துப்பாக்கியில் எரிந்த துணி ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் எலி கொண்டுவந்து வைத்த பஞ்சு. ஒரே சிரிப்பு. நான் சுத்தம் என்று சொன்ன ஒரு குழலில் அடியோரம் பொட்டுப் பொட்டாகத் துரு தெரிந்தது. "விளக்குல இது தெரியாதுப்பா," என்று சமாளித்தேன். அதுவரை எனக்கு எரிச்சல்தான், வேறொன்றுமில்லை.

பிறகு ஓர்வில் சொன்னார்: "அந்தக் கிளப் துப்பாக்கிய எடுங்க. அது எந்த அளவுக்கு அரிச்சிருக்குன்னு பாப்போம். குழல மாத்திட்டா மறுபடி குடுக்கலாமே."

அலமாரியைத் திறந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்துத் தாள் அதில் அப்படியே தொங்கியது. ரோனா தடியை விட்டுக் காலி என்று பார்த்துக்கொண்டாள். வெந்நீரில் துணியை நனைத்து நாலைந்து முறை துடைத்து எடுத்தாள். பிறகு வயரை மெல்ல இறக்கினாள்.

வரிகள் பளிச்சென்று இருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை. கீழே, கீழே, இன்னும் கீழே. அந்த இடம் வந்தது. அவள் கண்ணாடியைத் திருப்பினாள்.

வளையம் இருந்தது. ஆனால் துரு இல்லை. இரும்பு அந்த இடத்தில் வழவழப்பாக, சுற்றிலும் ஒரே சீராக வெளியே தள்ளியிருந்தது, தவளையை விழுங்கின பாம்பின் வயிறு மாதிரி. வரிகள் அறுபடாமல் அதற்குள் இறங்கி மறுபக்கம் ஏறிப்போயின. கறுப்பாகத் தெரிந்தது அந்தப் பள்ளத்தில் தங்கிய கரி. அதைத்தான் ரோனா இப்போது துடைத்து எடுத்திருந்தாள்.

ஓர்வில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனார்.

"இது துருவே இல்லையேப்பா. வீங்கியிருக்கு. யாரோ குண்டை முழுசா எறக்காம சுட்டிருக்கான். குண்டு வழியில நின்னுட்டா, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல காத்து இருக்கும். சுட்டா குண்டு நிக்கிற எடத்துல குழல் இப்படித்தான் வீங்கும். அதுக்கப்புறம் குறியும் தப்பும்."

"யாரு கடைசியா வெச்சிருந்தது?" என்று ஒருவன் கேட்டான்.

"பிக்ஸ்லர்தான். டேங்கர் பிக்ஸ்லர்."

"அப்ப கழுவாதது மட்டும் இல்ல, சுடவும் தெரியல!"

மறுபடியும் சிரித்தார்கள். மூன்று வருடம் கழித்து, அவன் இல்லாத இடத்தில்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் குண்டு வழியில் நின்றது ஹார்லன் கையில் இல்லை. என் கையில்.

ஹார்லனுக்குக் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பரில், குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அந்தத் துப்பாக்கியைத் தனியாக எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு முறை சுட்டேன். நடுவில் துடைக்கவில்லை. கரி படிந்து படிந்து குழல் இறுகிவிட்டது. அடுத்த குண்டு பாதி வழியைத் தாண்டி இறங்கவில்லை. தடியை மேலே இழுத்துக் குத்தினேன், உடம்பைப் போட்டு அழுத்தினேன், அசையவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. தடியின் நுனியில் திருகாணியை மாட்டி, குண்டில் திருகி, அதை இழுத்து எடுக்க வேண்டும், அரைமணி நேர வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்: நின்றுபோன குண்டைச் சுடாதே. நான் சுட்டேன்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. படாரென்று இல்லை, பொத்தென்று. கையில் ஒரு அதிர்ச்சி. குழலை வெளியே தடவிப் பார்த்தேன். எட்டுப் பட்டைக் கனமான குழல், வெளியே ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி எண்ணெய் போட்டேன். விளக்கை மட்டும் உள்ளே விடவில்லை. என் மேசைமேல்தான் இருந்தது, கைக்கு எட்டும் தூரத்தில். விடவில்லை. விட்டால் தெரிந்துவிடும்.

அதை அப்படியே ஹார்லன் கையில் கொடுத்தேன்.

டிவியில் அந்த வளையம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ரோனா என் பக்கம் திரும்பினாள். கெட்ட எண்ணம் எதுவும் அவளிடம் இல்லை.

"லோவல், துணி சுத்தின தடிய விட்டா இந்த எடத்துல லூஸா போகும்ல? துருன்னா சொரசொரன்னு பிடிக்கும், இதுன்னா வழுக்கும். அன்னிக்கு உங்க கைக்கு எதுவும் தெரியலயா?"

"ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. காப்பி வந்தது. ரோனா வயரைச் சுருட்டினாள்.

அன்று வீட்டில் டார்லீன் கறியும் நூடுல்ஸும் செய்து வைத்திருந்தாள். தட்டில் கிளறிக்கொண்டே இருந்தேன். என் மனைவிக்கு என்னை நாற்பது வருடமாகத் தெரியும்.

"என்ன ஆச்சு?"

சொன்னேன். நவம்பர் மழையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போன மாசம்கூட ஜோன கடையில பாத்தேன்," என்றாள். "எவ்வளவு நல்லா பேசுவா முன்னல்லாம். இப்ப கிட்ட போனா வேற வரிசைக்குத் தள்ளுவண்டியத் திருப்பிக்கிறா. நான் என்ன பண்ணினேன்னு மூணு வருஷமா மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீ ஒண்ணும் பண்ணல."

"அதான் இப்பத் தெரியுதே."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பசு ஞாயிற்றுக்கிழமையும் பால் கறக்கும், ஆகவே ஹார்லனுக்கு விடுமுறை கிடையாது. சர்ச் முடிந்து டார்லீனை வீட்டில் விட்டுவிட்டு, அவன் போகும் வழியில் வண்டியை ஓட்டினேன். ரூப் பண்ணையில் அவன் லாரி நின்றது. பால் அறைக்கு வெளியே என் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை ரிவர்ஸ்கூடப் போட்டேன். பிறகு இறங்கினேன்.

உள்ளே அவன் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். கழுவி முடித்துத் துடைத்துக்கொண்டு, தொட்டியின் மூடியைத் தூக்கி முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாலை மோந்து பார்த்தான். அளவுக்கோலை விட்டுப் பார்த்தான். சின்னக் குப்பியில் கொஞ்சம் மொண்டு மூடி ஐஸில் வைத்தான். சீட்டில் எழுதினான். ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தான். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன?" என்றான் கடைசியில்.

"அந்தக் கிளப் துப்பாக்கி. அது துரு இல்ல ஹார்லன். குழல் வீங்கியிருக்கு. உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே நான்தான் கெடுத்தேன். குண்டு நின்னுபோச்சு, அப்படியே சுட்டுட்டேன்."

அவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகினான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்துதான். ஒரு பொண்ணு கேமரா வெச்சிருக்கா, அதுல பாத்தோம்..."

"பொய் சொல்லாத."

தொட்டியைக் குளிரவைக்கும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அன்னிக்கே தெரியும்," என்றேன். "துணி சுத்தி தடிய விட்டப்பவே கைக்குத் தெரிஞ்சுது. அந்த எடத்துல வழுக்கிச்சு. துருன்னா வழுக்காது. தெரிஞ்சுது, ஆனா... எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நவம்பர்ல சுட்டப்பவே சந்தேகம். விளக்கு விட்டுப் பாக்கல. அப்படியே உன்கிட்ட குடுத்துட்டேன்."

"என் கையில வெடிச்சிருந்தா?"

நான் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தேன்.

"அந்தத் துப்பாக்கியால நாலு தடவ சுட்டேன்," என்றான் அவன். "நாப்பது கஜத்துல நின்னுச்சு ஒரு ஆண் மான், கொம்பு இந்த அகலம். மரத்துல சாஞ்சுக்கிட்டு நிதானமா சுட்டேன். படல. எனக்குத்தான் கை சரியில்லன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி ஜோன்கிட்ட சொன்னேன், இந்த வயசுல இதெல்லாம் எனக்கு வராதுன்னு."

"என்னை மன்னிச்சிரு."

"என்கிட்ட சொல்றது சுலபம். இங்க மாடுதான் கேட்டுக்கிட்டு இருக்கு." அவன் தடித்த குழாயை எடுத்துத் தொட்டியில் மாட்டினான். "அன்னிக்கு முப்பது பேரு இருந்தாங்க."

பம்ப்பைப் போட்டான். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. நான் வெளியே வந்தேன்.

ரூப் கொட்டகைப் பக்கம் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார். அவரிடமும் போய்ச் சொன்னேன், ஹார்லன் மேல் தப்பே இல்லை, நான் சொன்னதெல்லாம் அபாண்டம் என்று. அவர் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"டேங்கர் மூடியா? நான் தெறக்கச் சொன்னேனா? சும்மா கிண்டலுக்குக் கேட்டிருப்பேன்பா. அவன் தெறந்தா காட்டினான்?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளப்பின் மாதக் கூட்டம். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள், எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து நின்றேன். நவம்பரில் செய்தது, விளக்கு விடாமல் கொடுத்தது, தடி வழுக்கினது தெரிந்தும் துரு என்று சொன்னது, போன சனிக்கிழமை ஞாபகமில்லை என்று ரோனாவிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

யாரோ ஒருவர் காப்பியை உறிஞ்சினார். பிறகு ஓர்வில், "சரி விடு லோவல். யாருக்குத்தான் ஒரு குண்டு நிக்கல? பழைய கதை," என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "அப்ப உன் ரம்பத்த எல்லாம் எவனாவது கேமரா போட்டுப் பாக்கணும்டோய்," என்றான். சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவன் என் முதுகில் தட்டினான். தைரியமா சொன்னே, பெரிய மனுஷன்டா நீ, என்றான் இன்னொருத்தன். ஐந்தே நிமிடத்தில் என்னை மன்னித்துவிட்டார்கள். நான் ஹார்லனிடம் போட்ட சத்தத்தில் பாதிகூட யாரும் என்னிடம் போடவில்லை. திரும்ப உட்கார்ந்தபோது நாற்காலி என்னைச் சுட்டது.

ரோனா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஆளுக்கு யாரு சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள். "கிளப்பே சேந்துதான சிரிச்சுது. லோவல் மட்டும் போயி சொன்னாப் போதுமா?"

சிரிப்பு நின்றது. கூரைக்கு வாளி வைப்பதைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது தரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவானது. ரோனாவே எழுதினாள். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். பதினெட்டுக் கையெழுத்து விழுந்தது. மற்றவர்கள் அன்றைக்குத் தாங்கள் வரவில்லை என்றார்கள். அதில் நாலு பேராவது வந்திருந்தார்கள், எனக்குத் தெரியும். நான் என்ன சொல்ல முடியும்?

கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

குழல் பார்க்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நான்தான் மேசைக்குப் போகவில்லை. இப்போது ரோனா பார்க்கிறாள். முதலில் தடி, பிறகு விளக்கு, அதற்கப்புறம் கேமரா. அவளுக்குப் புரியாத ஒன்று தெரிந்தால் "தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

பிப்ரவரியில் தீவனக் கடையில் ஹார்லனைப் பார்த்தேன். பூனை கழிப்பதற்குப் போடும் மண் மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்தான். எனக்குப் பின்னால் நிற்கவேண்டி வந்தது. திரும்பிப் பார்க்காமல் நின்றேன்.

"லெட்டர் வந்துச்சு," என்றான்.

திரும்பினேன்.

"பொண்ணு நல்லா எழுதியிருக்கா. ஜோன் படிச்சுட்டு எடுத்து வெச்சிருக்கா."

"கிளப்புக்கு வாயேன் ஹார்லன். எல்லாரும் கேக்கறாங்க. நான் வேணா வராம இருக்கேன்."

"நீ வராம இருந்தா சரியாப் போயிருமா?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தவன்போலக் கேட்டான். பிறகு தலையை ஆட்டினான். "ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கேன். பழசுதான். ரூப்போட மேட்டுல போயி சுட்டுக்கறேன். தனியா இருக்கறது நல்லாத்தான் இருக்கு."

"குழல் பாத்து வாங்கினியா?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"ரோனாகிட்ட காட்டினேன்," என்றான். "அவ வீட்டுக்குக் கொண்டுபோயி."

என் முறை வந்தது. கடைக்காரி இரண்டு முறை கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை. ஒதுங்கி நின்று ஹார்லனை முன்னால் போகச் சொன்னேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டையை வைத்தான், பணம் கொடுத்தான், கடைக்காரியிடம் பனியைப் பற்றி ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

டார்லீனோடு ஜோன் இப்போது பேசுகிறாளாம். போன வாரம் கடையில் பத்து நிமிடம் நின்று பேசினார்கள், ஆப்பிளைப் பற்றியும் முட்டி வலியைப் பற்றியும். வீட்டுக்கு வந்து டார்லீன் சொன்னபோது அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று நான் கேட்டேன்.

"இல்ல," என்றாள் டார்லீன். "நானும் பேச்ச எடுக்கல."